ரசீதுக்குப் பின்னால்: சேவைச் சங்கங்கள் குறித்து வாசகர் கேள்விகள்

ரோட்டரி, அரிமா (லயன்ஸ்) முதலிய சேவைச் சங்கங்களுக்கு ஆண்டு பிறப்பது ஜூலை 1-ஆம் தேதி. ஜூன் மாத இறுதியிலேயே பதவியேற்பு விழாப் பதாகைகள் ஊர் முழுவதும் முளைத்துவிடும். அவற்றைத் தொடர்ந்து நன்கொடைப் புத்தகத்துடன் புதிய நிர்வாகிகள் கடை கடையாக ஏறி இறங்குவதும் வழக்கம். இந்தச் சமயத்தில் இச்சங்கங்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். ஒரே பொருளில் வந்த கடிதங்களை ஒன்றாக்கி, எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊரில் ரோட்டரி, அரிமா ஆகிய இரண்டு சங்கத்தாரும் என்னை உறுப்பினராகச் சேர அழைக்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு? எதில் சேர்ந்தால் உருப்படியாக ஏதாவது செய்ய முடியும்?
– மருந்துக் கடை உரிமையாளர், நாமக்கல்

பதில்: இரண்டுக்கும் பிறந்த ஊர் ஒன்றுதான். 1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் நண்பர்கள் மூவருடன் கூடிப் பேசியதில் ரோட்டரி தொடங்கியது. அதே நகரில் காப்பீட்டுத் தொழில் செய்துவந்த மெல்வின் ஜோன்ஸ், வணிகர் சங்கங்கள் தங்களுக்குள் வியாபாரத்தைப் பெருக்கிக்கொள்வதோடு நின்றுவிடக் கூடாது, ஊருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று வாதாடி, பல சங்கங்களை ஒன்றிணைத்து 1917-இல் அரிமா சங்கத்தை உருவாக்கினார். ரோட்டரி கல்கத்தா வழியாக இந்தியாவுக்குள் வந்து 1929-இல் சென்னையை அடைந்தது; அரிமா 1956-இல் பம்பாயில் கால் ஊன்றியது.

போக்கில் ஒரு வேறுபாடு உண்டு. 1925-இல் ஒஹையோ மாநிலத்தின் சீடர் பாயிண்ட்டில் நடந்த அரிமா மாநாட்டில், பார்வையும் செவிப்புலனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் பேசி, பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக நீங்கள் இருக்கக் கூடாதா என்று கேட்டதிலிருந்து கண் தொடர்பான பணி அவர்களின் முதன்மைப் பணியாகிவிட்டது. ரோட்டரி ஒவ்வொரு தொழிலிலிருந்தும் ஓர் ஆள் என்ற முறையில் உறுப்பினர்களைச் சேர்த்து வளர்ந்த அமைப்பு. போலியோ ஒழிப்பு அதன் அடையாளமாயிற்று.

ஆனால் உங்கள் ஊரில் எதில் சேர்வது என்பதற்குச் சிகாகோவில் விடை கிடைக்காது. இரண்டு சங்கங்களின் கூட்டத்துக்கும் ஓரிரு முறை விருந்தினராகப் போய் உட்காருங்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பணிகளில் எவை இன்றும் நடக்கின்றன என்று ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். அதற்குச் செயலாளர் உடனே பதில் சொல்கிறாரா, பழைய புகைப்பட ஆல்பத்தை எடுத்துவரச் சொல்கிறாரா என்பதைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

கேள்வி: ஓட்டலில் விருந்து, மேடை முழுவதும் பொன்னாடை, நினைவுப் பரிசு, பத்திரிகையில் படம். இவ்வளவும் எங்களைப் போன்றவர்கள் கொடுக்கும் நன்கொடையில்தானே நடக்கிறது? பிறகு சேவைக்கு என்ன மிஞ்சும்?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கும்பகோணம்

பதில்: கோபம் நியாயமானது, ஊகம் முழுவதும் சரியல்ல. ஒழுங்காக நடக்கும் சங்கத்தில் இரண்டு வங்கிக் கணக்குகள் இருக்கும். ஒன்று நிர்வாகக் கணக்கு. உறுப்பினர்களின் ஆண்டுச் சந்தா அதில் சேரும், கூட்டச் செலவும் சாப்பாட்டுச் செலவும் அதிலிருந்து போகும். மற்றொன்று சேவைக் கணக்கு. பொதுமக்களிடம் பெற்ற பணம் முழுவதும் அதில்தான் சேர வேண்டும், பொதுமக்களுக்கே அது செலவாக வேண்டும். அரிமா சங்கங்களுக்கு இது வெறும் நல்லொழுக்கம் மட்டுமல்ல, பன்னாட்டுத் தலைமையகம் விதித்துள்ள விதி. நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு நேரடியாக ஆன செலவைக் கழித்துக்கொள்ளலாமே தவிர, எஞ்சியதில் ஒரு ரூபாயைக்கூட நிர்வாகத்துக்குத் திருப்பக் கூடாது. ஆகவே உறுப்பினர் தம் சந்தாவில் பிரியாணி சாப்பிட்டால் அதில் நாம் தலையிட ஒன்றுமில்லை.

சிக்கல் எழுவது, இரண்டு கணக்கும் ஒரே கணக்காகிவிடும் சிறிய சங்கங்களில்தான். நீங்கள் வங்கியில் இருந்தவர். ரசீதில் எந்தக் கணக்கின் பெயர் அச்சாகியிருக்கிறது, காசோலையை யார் பெயருக்கு எழுதச் சொல்கிறார்கள் என்று பார்த்த உடனே உங்களுக்குப் புரிந்துவிடும். தலைவரின் சொந்தக் கடைப் பெயருக்கோ, அவருடைய கைப்பேசி எண்ணுடன் இணைந்த சொந்தக் கணக்குக்கோ பணம் அனுப்பச் சொன்னால், அவர் எவ்வளவு நல்லவராயினும் கொடுக்காதீர்கள். தணிக்கை செய்த கணக்கைக் கேட்பதை அவமரியாதை என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கு வரி கொடுத்தவர் வரவு செலவு நோட்டீஸை எதிர்பார்ப்பது தவறில்லை என்றால், இதுவும் தவறில்லை.

பொன்னாடையைப் பற்றி ஒரு சொல். மேடையில் போர்த்திய மறுகணமே மடித்துப் பையில் போடப்படும் அந்தத் துணியை விட்டொழிக்கத் துணிந்த சங்கங்களும் இருக்கின்றன. மற்றவர்களுக்கு இது இன்னும் கைகூடவில்லை என்பதில் நானும் உங்கள் கட்சிதான்.

கேள்வி: எங்கள் சங்கம் நகரில் டயாலிசிஸ் மையம் ஒன்று தொடங்க விரும்புகிறது. 100 ரூபாய் கூப்பன் அச்சிட்டு, குலுக்கலில் கார், இருசக்கர வாகனம் என்று பரிசு அறிவித்தால் விரைவில் நிதி சேரும் என்கிறார்கள். பள்ளி மாணவர்கள் மூலம் விற்கலாம் என்ற யோசனையும் இருக்கிறது. உங்கள் கருத்து என்ன?
– சங்கச் செயலாளர், கோவில்பட்டி

பதில்: வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 ஜனவரி முதல் லாட்டரிச் சீட்டு விற்பனைக்குத் தடை இருக்கிறது. மாநில அரசின் அனுமதியில்லாத குலுக்கலுக்கு இடம் வைத்து நடத்துவதையும், பரிசு அறிவிப்பை வெளியிடுவதையும் குற்றவியல் சட்டம் தண்டனைக்குரியதாகவே வைத்திருக்கிறது. நோக்கம் தருமம் என்பது அதற்கு விலக்காகாது. பல ஊர்களில் யாரும் கேட்காமல் நடக்கிறது என்பது உண்மையாக இருக்கலாம்; ஒருவர் புகார் கொடுத்தால் காவல் நிலையத்தில் போய் நிற்க வேண்டியவர் செயலாளராகிய நீங்கள். மாணவர்கள் தலையில் கூப்பன் கட்டைக் கட்டுவது இதைவிட மோசம். விற்காமல் மிஞ்சிய சீட்டுகளுக்குப் பெற்றோரே பணம் கட்டி முடிப்பார்கள். அது நன்கொடை ஆகாது.

நாடகம், இன்னிசை நிகழ்ச்சி, உணவுத் திருவிழா, அதிகாலை ஓட்டம் என்று நேர்வழிகள் பல உள்ளன. எனினும் நீங்கள் தொடங்க நினைப்பது டயாலிசிஸ் மையம் என்பதால், நிதியை எப்படித் திரட்டுவது என்பதற்கு முன்பே எதற்காகத் திரட்டுகிறோம் என்பதைக் கணக்கிட்டுவிடுவது நல்லது. இயந்திரம் வாங்குவது எளிய பகுதி. அதற்குக் கொடையாளர் கிடைப்பார், கல்வெட்டில் பெயர் வரும், திறந்துவைக்க அமைச்சரும் வருவார். செலவு தொடங்குவது மறுநாள் காலையில்தான். ஒரு நோயாளிக்கு வாரம் இருமுறை என்று வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 104 முறை; பலருக்கு மருத்துவர் மூன்று முறை எழுதுவார். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓட வேண்டும். அதற்குள் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த நீர் இயந்திரத்தின் வழியே போகும். வடிகட்டியும் குழாய்களும் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தொழில்நுட்பருக்கும் செவிலியருக்கும் மாதம் தவறாமல் சம்பளம், மின்தடைக்கு ஜெனரேட்டர், மேற்பார்வைக்குச் சிறுநீரக மருத்துவர். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டாலன்றி இந்த நோயாளிக்கு ‘இத்துடன் முடிந்தது’ என்று ஒரு நாள் வராது. நிதி தீர்ந்துவிட்டது என்று ஒரு மாதம் மூடினால் அவர் எங்கே போவார்?

ஆகவே தனியாக மையம் கட்டுவதைவிட, ஏற்கெனவே இயங்கும் அறக்கட்டளை மருத்துவமனையோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அங்கே இயந்திரங்களை நிறுவுவது பாதுகாப்பானது. இயந்திரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் கொடையாளர்களைத் தேடுவதோடு, ‘ஒரு நோயாளிக்கு ஒரு மாதம்’ என்று தொடர்ந்து கொடுப்பவர்களையும் சேருங்கள். பிறந்தநாள், திருமண நாள், பெற்றோர் நினைவுநாள் என்று ஆண்டுதோறும் வரும் நாள்கள் அதற்குப் பொருத்தமானவை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்டவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் கிடைக்கிறது. அட்டை இல்லாதவருக்கு அதை வாங்கிக் கொடுப்பதும், அந்த வருமான வரம்பைச் சற்றே தாண்டியதால் எந்த உதவியும் கிட்டாமல் நிற்கும் கூலி எழுத்தர், சிறுகடைக்காரர் போன்றவர்களுக்குச் சலுகைக் கட்டணம் வைப்பதும் உங்கள் சங்கம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடைவெளி.

பன்னாட்டு நிதியுதவியை எதிர்பார்க்கும் ரோட்டரி சங்கங்களுக்கு இன்னொன்று தெரிந்திருக்கும். ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய நல்கைக்குத் திட்ட மதிப்பு குறைந்தது 30,000 டாலராக இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சங்கம் ஒன்று கூட்டாளியாக இருக்க வேண்டும். நல்கைப் பணம் தீர்ந்த பிறகு திட்டம் எப்படி ஓடும் என்பதையும் விண்ணப்பத்திலேயே காட்ட வேண்டும். அந்தக் கடைசிப் பகுதியை நிரப்ப உட்காரும்போதுதான் பல திட்டங்களின் பலவீனம் வெளிப்படுகிறது. விண்ணப்பிக்காத சங்கமும் அந்தப் பகுதியை மட்டும் எழுதிப் பார்க்கலாம்.

கேள்வி: நன்கொடை கொடுத்தால் வரிவிலக்கு உண்டு என்று சொல்லி வாங்குகிறார்கள். விழா மலரில் விளம்பரம் கொடுத்தாலும் அது பொருந்துமா?
– பின்னலாடை உற்பத்தியாளர், திருப்பூர்

பதில்: பெரும்பாலும் சங்கத்துக்கு அந்த அனுமதி இருக்காது, சங்கம் நடத்தும் அறக்கட்டளைக்கு இருக்கும். ஆகவே 80ஜி என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சலுகை வேண்டுமானால் பணம் அறக்கட்டளையின் பெயருக்குப் போக வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. கொடுத்ததில் பாதியளவுக்கே கழிவு, அதற்கும் வருமானத்தையொட்டிய உச்சவரம்பு உண்டு; புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு அதுவும் இல்லை. அச்சகத்தில் அடித்த ரசீது மட்டும் போதாது. அறக்கட்டளை வருமான வரித் துறையிடம் நன்கொடைப் பட்டியலைத் தாக்கல் செய்து, துறையின் இணையதளத்திலிருந்து எடுத்துத் தரும் சான்றிதழ் வேண்டும்.

விழா மலர் விளம்பரம் நன்கொடை ஆகாது. அது உங்கள் நிறுவனத்தின் விளம்பரச் செலவு, அந்தத் தலைப்பிலேயே கணக்கு எழுதுங்கள். ஆனால் கட்டடத்தில் ‘இன்னாரின் நன்கொடை’ என்று பெயர் மட்டும் பொறித்தால், அதில் வியாபார விளம்பரம் எதுவும் இல்லாதவரை ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2019 அக்டோபர் மாதச் சுற்றறிக்கை தெளிவுபடுத்தியிருக்கிறது.

கேள்வி: எங்கள் அரசு நடுநிலைப் பள்ளிக்கு ஒரு சேவைச் சங்கம் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வழங்கியது. ஓராண்டுக்குள் பழுதாகிவிட்டது. கேட்டால், அது போன தலைவர் காலத்தில் செய்தது என்கிறார்கள். இப்போது அதே சங்கம் கழிப்பறை கட்டித் தர முன்வந்திருக்கிறது. ஏற்பதா, மறுப்பதா?
– தலைமையாசிரியை, அரியலூர் மாவட்டம்

பதில்: ஏற்றுக்கொள்ளுங்கள், எழுத்து மூலமாக. உங்கள் கடிதத்தில் உள்ள ‘போன தலைவர் காலம்’ என்ற தொடரில்தான் இந்த அமைப்புகளின் பிறவிக் குறை இருக்கிறது. தலைவர் பதவி ஓராண்டுக்கு மட்டுமே. அவர் ஜூலையில் வருவார், அடுத்த ஜூனில் போவார். அந்த இடைவெளிக்குள் தம் பெயர் சொல்லும் ஒரு பணியை முடித்துக் காட்ட வேண்டும். அதனால் ஒரு நாளில் திறந்துவைக்கக்கூடிய பொருள்கள்மீது அவர்களுக்கு இயல்பாகவே ஈர்ப்பு அதிகம். தையல் இயந்திரம், மூன்று சக்கர வண்டி, காதொலிக் கருவி, சுத்திகரிப்பு இயந்திரம் என்று பட்டியல் ஊருக்கு ஊர் மாறாமல் இருப்பதற்கு இதுவே காரணம். காதொலிக் கருவியை அளவெடுத்துப் பொருத்தி, மின்கலன் தீர்ந்தபோது எங்கே வாங்குவது என்று சொல்லிக் கொடுத்தவர்கள் சிலரே. காலையிலிருந்து பந்தலில் காத்திருந்த பெரியவர், சிறப்பு விருந்தினரோடு படம் எடுத்த பிறகு அதை அட்டைப் பெட்டியோடு வீட்டுப் பரணில் வைத்துவிடுவார்.

பழுதான சுத்திகரிப்பு இயந்திரங்களைப் பள்ளிகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். நன்கொடையாளர் பெயர்ப்பலகை துடைத்துப் பளபளவென்று இருக்கும். அதன் கீழே குழாய்க் கைப்பிடியைக் கம்பியால் கட்டி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் இயந்திரத்தில் பெரிய கோளாறு இராது. முன்வடிகட்டியைச் சில மாதங்களுக்கு ஒருமுறையும், உள்ளிருக்கும் சவ்வைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருக்கும் இடங்களில் அதற்கும் முன்பாகவே. அந்தச் செலவு யாருடையது என்று திறப்பு விழா நாளில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனவே கழிப்பறைக்குச் செங்கல் இறங்கும் முன்பே பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டித் தீர்மானம் போடுங்கள். தண்ணீர் இணைப்பு எங்கிருந்து வரும், மோட்டார் மின்கட்டணம் யார் பொறுப்பு, தினமும் துப்புரவு செய்பவருக்கு ஊதியம் எங்கிருந்து, தாழ்ப்பாளும் வாளியும் உடைந்தால் யாரிடம் சொல்வது என்பவை அதில் இருக்கட்டும். சங்கத்தின் சார்பில் இப்போதைய தலைவருடன் அடுத்த ஆண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் கையெழுத்திடட்டும். அவர் யார் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். மூன்றாண்டுப் பராமரிப்புக்கான தொகையைக் கட்டுமானச் செலவோடு சேர்த்தே திரட்டுமாறு கேளுங்கள். பத்துக் கழிப்பறை கட்டப் பணம் இருந்தால் ஏழு கட்டி, மிச்சத்தை வைப்பு நிதியாகப் போடச் சொல்வதில் தயக்கம் வேண்டாம். பெண் குழந்தைகள் பயன்படுத்தும் பகுதிக்குக் கதவும் தண்ணீரும் இருப்பது எண்ணிக்கையைவிட முக்கியம்.

பழைய இயந்திரத்தைச் சரிசெய்து தருவதை இந்த உடன்பாட்டின் முதல் நிபந்தனையாக வையுங்கள். கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர்.

வேறு இரண்டு வழிகளையும் சொல்லிவிடுகிறேன். 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் கீழ், கொடையாளர் ஒரு குறிப்பிட்ட அரசுப் பள்ளியையும் அதன் தேவையையும் தேர்ந்து பணம் செலுத்தலாம்; வெளியூரில் இருக்கும் உங்கள் முன்னாள் மாணவர்களுக்கு அது வசதி. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பொதுமக்கள் பங்காக மூன்றில் ஒரு பகுதியைச் செலுத்தினால் மீதியை அரசு ஏற்கிறது. அந்த மூன்றில் ஒரு பங்கைச் சங்கம் செலுத்துமானால் அதே பணம் மூன்று மடங்கு வேலை செய்யும். ஏனோ நம் சங்கங்கள் இதைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. அரசோடு சேர்ந்தால் கல்வெட்டில் இடம் குறைந்துவிடும் என்ற கவலையோ என்னவோ.

கேள்வி: காப்பீட்டுத் திட்டங்கள் வந்துவிட்ட காலத்திலும் சங்கங்கள் கண் சிகிச்சை முகாம் நடத்துகின்றனவே, அதற்கு இன்னும் தேவை இருக்கிறதா? வெறும் கணக்குக் காட்டுவதற்கா?
– பட்டதாரி இளைஞர், தேனி

பதில்: தேவை இருக்கிறது. எல்லாச் சங்கப் பணிகளிலும் மிகச் சரியாக வகுக்கப்பட்டது இதுதான் என்பது என் எண்ணம். வேலைப் பங்கீடு தெளிவாக இருப்பதே காரணம். 1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய காலத்திலிருந்தே, ஊர் ஊராக முகாம் ஏற்பாடு செய்வது உள்ளூர்ச் சங்கங்களின் பொறுப்பாகவும், பரிசோதனையும் அறுவைச் சிகிச்சையும் மருத்துவமனையின் பொறுப்பாகவும் வளர்ந்துவந்தன. பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் அறுவை செய்த காலம் முடிந்துவிட்டது. இப்போது முகாமில் பரிசோதனை மட்டுமே. கண்புரை முற்றியவர்களைச் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அன்று மாலையே பேருந்தில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார்கள். செயற்கை விழிவில்லை பொருத்தி, சாப்பாடு போட்டு, ஓரிரு நாளில் ஊருக்குத் திருப்பி அழைத்துவருகிறார்கள். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை.

இதில் அறுவைக்கான பணம் ஒரு தடை மட்டுமே. காப்பீட்டு அட்டை பணத்தைக் கொடுக்கும். பார்வை மங்கிய ஒரு மூதாட்டியை மூன்று பேருந்து மாற்றி நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது. கூட வருபவருக்கு ஒரு நாள் கூலி போகும். வீட்டில் ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் இராது. கத்தி வைத்தால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருப்பார்கள். முகாமுக்கு முந்தைய வாரம் சங்கத்தார் ஒலிபெருக்கி ஆட்டோவை அனுப்பியதோடு நின்றுவிடாமல், தெருவுக்குள் நடந்துபோய், ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட ஒருவரைக் கூட்டிக்கொண்டு பேசினால் வருகை கூடும். நடவு, அறுப்புக் காலங்களைத் தவிர்த்துத் தேதி குறிக்க வேண்டும் என்பதும் உள்ளூரில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அவர்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலை இது.

கணக்குக் காட்டும் முகாம்களும் உண்டு. வந்தவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையோடு செய்திக்குறிப்பை முடிப்பவை அவை. அறுவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் பேருந்தில் ஏறினார்கள், எத்தனை பேர் மறுபரிசோதனைக்கு வந்தார்கள், கண்ணாடி எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் வாங்கினார்களா என்று கேட்டால் எந்த வகை முகாம் என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் ஒரே நாளில் ஆயிரம் யூனிட் என்று இலக்கு வைத்து இரத்ததான முகாம் நடத்த ஒரு சங்கம் கேட்கிறது. உதவலாமா?
– நாட்டு நலப்பணித் திட்ட மாணவி, திருநெல்வேலி

பதில்: இரத்த வங்கியிடம் எவ்வளவு தேவை என்று முதலில் கேளுங்கள். சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள்களும், தட்டணுக்கள் ஐந்து நாள்களுமே தாங்கும். சாதனைக்காக ஒரே நாளில் எடுத்துக் குவித்தால் ஒரு பகுதி வீணாகும். அடுத்த மூன்று மாதத்துக்கு அதே மாணவர்களிடம் எடுக்கவும் முடியாது. ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும். மாதம் ஒரு துறை என்று பிரித்து நடத்துங்கள். கல்லூரி விடுமுறை விடும் மே, ஜூன் மாதங்களில் இரத்த வங்கிகள் தவிக்கும். அப்போது வரக்கூடிய உள்ளூர் மாணவர்களின் பட்டியலைச் சங்கத்திடம் கொடுத்தால் அதுவே பெரிய உதவி. 18 வயது, 45 கிலோ எடை, 12.5 கிராம் ஹீமோகுளோபின் ஆகியவை அடிப்படைத் தகுதிகள். உங்கள் தோழியர் பலர் இரத்தச்சோகையால் திருப்பி அனுப்பப்படுவார்கள். அவர்களை வாடிய முகத்தோடு போகவிடாமல், பெயர் குறித்துச் சிகிச்சைக்கு வழிகாட்டுவதையும் முகாமின் பகுதியாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: போலியோவை ஒழித்ததில் ரோட்டரிக்குப் பங்கு உண்டு என்கிறார்கள். இலங்கையில் போர்க்காலத்தில் அவர்கள் என்ன செய்தார்கள்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ரோட்டரி 1979-இல் பிலிப்பைன்ஸ் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து வழங்கத் தொடங்கி, 1985-இல் அதை உலகளாவிய இயக்கமாக அறிவித்தது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து 1988-இல் ஒழிப்புத் திட்டத்தை வகுத்தபோது, 125 நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,50,000 குழந்தைகள் முடங்கிக்கொண்டிருந்தார்கள். இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் கண்டறியப்பட்ட பெண் குழந்தை. இந்தியாவும் இலங்கையும் அடங்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரம் 2014 மார்ச் 27 அன்று போலியோ அற்றதாகச் சான்று பெற்றது.

இலங்கையில் இப்பணிக்குத் தலைமை தாங்கியவர் கொழும்பைச் சேர்ந்த கே. ஆர். ரவீந்திரன், பின்னர் 2015-16-இல் ரோட்டரியின் உலகத் தலைவரானார். தேசியத் தடுப்பு மருந்து நாள்களில் வடக்கிலும் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து சேர வேண்டும் என்பதற்காக, அவருடைய குழு யுனிசெஃப் துணையோடு பேசிப் போர்நிறுத்தத்துக்கு வழிசெய்தது. அரசு செய்ய முடியாததை ஒரு சங்கம் செய்ய முடிந்தது, இரு தரப்பும் நம்பத்தக்க மூன்றாம் ஆளாக அது இருந்ததால். போலியோவில் ரோட்டரி வெற்றி கண்டதற்கு நான் காணும் காரணமும் முன்பு சொன்னதோடு சேர்ந்ததே. தலைவர்கள் ஆண்டுதோறும் மாறினார்கள், ஆனால் நாற்பது ஆண்டுகளாக வேலை மாறவில்லை.

கேள்வி: எங்கள் ஊர்ச் சங்கத்தில் ஆண்கள் மட்டுமே இருக்கிறார்கள். மனைவியருக்குத் தனிச் சங்கம் இருக்கிறது, அதில் சேருங்கள் என்கிறார்கள். இதுதான் விதியா?
– தொழில்முனைவோர், சேலம்

பதில்: இல்லை. கலிபோர்னியாவின் டுவார்ட்டே நகரச் சங்கம் பெண்களைச் சேர்த்ததற்காக ரோட்டரியிலிருந்து நீக்கப்பட்டு வழக்காடியது. 1987 மே 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அச்சங்கத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1989-இல் ரோட்டரி தன் விதியை உலகம் முழுவதற்கும் திருத்தியது. அரிமா 1987-லேயே கதவைத் திறந்துவிட்டது. இரண்டு அமைப்புகளுக்கும் பெண்கள் உலகத் தலைவர்களாக இருந்திருக்கிறார்கள். ரோட்டரி உறுப்பினர்களின் மனைவியருக்காக 1924-இல் மான்செஸ்டரில் தோன்றிய இன்னர் வீல் தனி அமைப்பு, நன்றாகவே பணி செய்கிறது. விரும்பினால் சேரலாம், ஆனால் அதைக் காட்டி உங்களை ரோட்டரியிலிருந்து விலக்க முடியாது. உறுப்பினராகும் கோரிக்கையை எழுதிக் கொடுங்கள். மறுத்தால் ரோட்டரியின் மாவட்டத் தலைவரான ‘மாவட்ட ஆளுந’ருக்குப் பிரதி அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், இருபது பேரைச் சேர்த்து நீங்களே புதிய சங்கம் தொடங்கலாம்.

கேள்வி: என் தந்தையார் கண்தான உறுதிமொழிப் படிவத்தை அரிமா சங்கத்தில் கொடுத்திருந்தார். அவர் மறைந்த அன்று எங்களுக்கு அது நினைவுக்கு வந்தபோது நேரம் கடந்துவிட்டது. இனி இப்படி நேராமல் இருக்க என்ன செய்வது?
– வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் தந்தையாரின் எண்ணத்துக்கு வணக்கம். படிவம் என்பது விருப்பத்தின் அறிகுறி மட்டுமே. இறப்புக்குப் பின் முடிவெடுப்பவர்கள் குடும்பத்தினர். படிவமே கொடுக்காதவரின் கண்களையும் நெருங்கிய உறவினர் சம்மதித்தால் தானம் செய்யலாம். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பதால் சொல்லி அனுப்புவதில் தாமதம் கூடாது. இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கண் வங்கியையோ உள்ளூர்ச் சங்கத்தையோ அழையுங்கள். குழு வீட்டுக்கே வரும்; ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்; முகத்தில் மாற்றம் தெரியாது; சடங்குகள் தடைப்படா. கண்ணாடி அணிந்தவர், கண்புரை அறுவை செய்துகொண்டவர், சர்க்கரை நோயாளி எவரும் கொடுக்கலாம். எச்.ஐ.வி., மஞ்சள்காமாலைக் கிருமி, வெறிநாய்க்கடி நோய் போன்றவை இருந்தவர்களிடமிருந்து எடுப்பதில்லை. அதற்காகச் சிறிது இரத்தமும் சோதனைக்கு எடுப்பார்கள்.

துக்க வீட்டில் மூத்த மகனோ மனைவியோ இதை நினைத்துச் சொல்லும் நிலையில் இருப்பதில்லை. ஆகவே சித்தப்பா, மருமகன், பக்கத்து வீட்டுக்காரர் என்று சற்றுத் தள்ளி நிற்கும் ஒருவரிடம் கண் வங்கியின் எண்ணை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். நன்றாகச் செயல்படும் சங்கங்கள், படிவம் வாங்குவதைவிட, இறப்புச் செய்தி கிடைத்த உடனே ஓர் உறுப்பினரை அந்த வீட்டுக்கு அனுப்பி, பொருத்தமான உறவினரைத் தனியே அழைத்து மெல்லக் கேட்கப் பழகியிருக்கின்றன. உங்கள் ஊர்ச் சங்கத்தில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் அந்தப் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.